மஞ்சள் பிள்ளையாரும் சித்தப்பாவின் போனும்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு எட்டுச் செலவு வீடு, செத்தவீட்டுக்குப் பிறகு வரும் எட்டாம் நாள் சடங்கு. சாப்பாடு முடிந்து, ஆண்கள் நாலைந்து பேர் பல்கனியில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ சிலை வணக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்த மச்சான், "கல்லைக் கும்பிடுறது பொய்த் தெய்வ வணக்கம்தானே" என்று ஆரம்பித்தான். கம்பஸில் படிக்கிற தம்பி ஒருவன், "கோயிலே தேவையில்லை எண்டு சித்தரே சொல்லிட்டார்" என்று சிவவாக்கியரை இழுத்தான். கோயில் பரிபாலன சபையில் இருக்கிற சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அரை மணி நேரம் மூவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறொன்று. அந்த அரை மணி நேரத்தில் சித்தப்பாவின் கை எட்டுத் தடவை சட்டைப் பைக்குப் போனது. போனை எடுப்பார், டொலர் விலையைப் பார்ப்பார், முகம் கொஞ்சம் மாறும், திரும்ப வைப்பார். சுவாமியைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டில் போய் வந்தது. மச்சானும் சளைத்தவன் இல்லை. தான் சாட்சி சொன்ன வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இடையிடையே எட்டிப் பார்த்துக்கொண்டான்.

பொய்த் தெய்வம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் அடுத்தவன் கும்பிடுவதைச் சுட்டத்தான் எடுக்கிறோம். அதனால் அது ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், உள் விழிப்பால் அதை விடுகிறோம் என்கிறார்களே, அப்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்பதை அடியில் இருந்து பார்க்கலாம். சமய அறிவு எதுவும் முன்கூட்டித் தேவையில்லை.

## முதலில் கல்லைப் பற்றி

அம்மா மஞ்சள் பிள்ளையார் பிடிப்பதைப் பாருங்கள். உள்ளங்கையில் கொஞ்சம் மஞ்சள் தூள், விரல் நுனியால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர். கூடிவிட்டால் குழைந்துபோகும், குறைந்தால் உதிரும். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சேர்ந்து ஒரு பிடி. வெற்றிலையில் வைத்து உச்சியில் அறுகம்புல்லைக் குத்தினால் பிள்ளையார் வந்துவிட்டார். ஊரில் என்றால் சாணத்தில் பிடிப்பார்கள். கொழும்பில் ஐந்தாம் மாடியில் சாணத்துக்கு எங்கே போவது? மஞ்சள்தான். (இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் விலை ஏறிய நாட்களில் எங்கள் வீட்டுப் பிள்ளையாரும் மெலிந்துபோனார்.)

பூசை தொடங்கும்போது, "இதில் வந்து இரு" என்று அழைப்பார்கள். இதற்குப் பெயர் ஆவாகனம். பூசை முடிந்ததும், "வந்த வழியே எழுந்தருளுங்கள்" என்று அனுப்பிவைப்பார்கள். இது உத்வாசனம். அப்புறம் அந்த மஞ்சளைச் செம்புத் தண்ணீரில் கரைத்துத் துளசிச் சாடிக்குள் ஊற்றிவிடுவார் அம்மா. பத்து நிமிஷத்துக்கு முன்பு விழுந்து கும்பிட்ட உருவம். கரைக்கும்போது அவருக்குக் கை நடுங்கியதில்லை.

பெரிய கோயில்களிலும் கதை இதுதான். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டியது. உள்ளே போனால் கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். கல்லே நிலையானது என்று தோன்றும். ஆனால் ஆகமப்படி நடக்கும் கோயில்களில் பெரிய திருப்பணி வந்தால் முதலில் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூல மூர்த்தியில் இருக்கும் தெய்வ ஆற்றலைத் தற்காலிகமாக வேறோர் இடத்துக்கு மாற்றிவைப்பது அது. திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்வரை வழிபாடு அங்கேதான். கல் வேறு, அதில் அழைக்கப்பட்டது வேறு என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

கதிர்காமத்துக்குப் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அங்கே நாம் கும்பிடுவது ஒரு திரையை. பின்னால் இருப்பதைப் பார்க்க முடியாது. திருவிழாவில் யானை மேல் போவதும் மூடிய பேழைதான்.

இனி அந்தத் தம்பி இழுத்த சிவவாக்கியர். "நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்ற வரியில் எல்லோரும் முன்பாதியை மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எடை முழுவதும் பின்பாதியில் இருக்கிறது. உள்ளே இருப்பவனை மறந்து கல்லோடு நின்றுவிடுகிறாயே என்பது அவர் குறை. கோயிலை இடித்துவிட்டால் அந்த மறதி தீராது.

சுருக்கமாக, இதுவரை பார்த்தது: உருவம் ஒன்று இருப்பதால் அது பொய்த் தெய்வம் ஆகிவிடாது. அழைக்கவும் அனுப்பவும் தெரிந்தவருக்கு உருவம் ஒரு கருவி. சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

## ஒரே சொல்லுக்குப் பல வீடுகள்

விக்கிரகம் என்றால் கோயில்காரருக்குப் பக்திச் சொல். தமிழ் வேதாகமம் வாசிக்கிறவருக்கு விக்கிரகாராதனை என்பது குற்றச்சாட்டு. கொழும்பில் ஒரே வீதியில் இருந்துகொண்டு ஒரே சொல்லால் ஒருவர் கும்பிடுகிறார், ஒருவர் கண்டிக்கிறார். சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம். முஸ்லிம் நண்பர்கள் சொல்லும் சொல் இணைவைத்தல். இறைவனுக்குச் சமமாக இன்னொன்றைப் பக்கத்தில் நிறுத்துவது. என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் காரியத்துக்கு மிக அருகில் வருகிற சொல். எதை நிறுத்துகிறாய் என்பதை விட எந்த இடத்தில் நிறுத்துகிறாய் என்பதைப் பார்க்கிறது அது. சிலையை மட்டும் அது குறிப்பதாக நினைக்க வேண்டாம். தன் மன இச்சையையே தெய்வமாக எடுத்துக்கொண்டவனைப் பற்றிக் குர்ஆன் 25ஆம் அத்தியாயம் 43ஆம் வசனம் பேசுகிறது.

பொன் கன்றுக்குட்டிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாத்திராகமம் 32ஆம் அதிகாரம். அதில் இரண்டு விபரங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அந்த மக்கள் அன்று ஆசையால் மட்டும் கன்றுக்குட்டி கேட்கவில்லை. மலைக்குப் போன மோசே திரும்பி வரத் தாமதமானது. அவருக்கு என்ன ஆனது என்றே தெரியாத நிலை. அடுத்தது, அந்தக் கன்றுக்குட்டிக்கான பொன் எங்கிருந்து வந்தது? அவர்கள் காதில் இருந்த தோடுகளில் இருந்து. தாங்களே கழற்றிக் கொடுத்து, உருக்கி வார்த்து, பிறகு அதன் முன் விழுந்தார்கள்.

பொய்த் தெய்வத்தின் பிறப்பு முழுக்க இந்த இரண்டு விபரங்களில் இருக்கிறது. நிச்சயம் இல்லாத நேரத்து அச்சம் ஒன்று. நம்மிடம் இருப்பதையே கழற்றிக் கொடுத்து ஒரு பிடிமானம் செய்துகொள்வது மற்றது. எனவே இந்தக் கட்டுரையில் பொய்த் தெய்வம் என்று நான் சொல்வது இதை: நம்மைத் தாங்க முடியாத ஒன்றின் மேல், அது தாங்கும் என்று நம்பி, முழுப் பாரத்தையும் சாய்ப்பது. பணம், பதவி, பிள்ளையின் மார்க்ஸ், விசா, நாலு பேர் சொல்லும் நல்ல வார்த்தை, எதுவும் அந்த இடத்துக்கு வரலாம். எதுவும் தன்னளவில் பொய் இல்லை. டொலர் டொலர்தான். அதற்குக் கொடுத்த ஆசனம்தான் பொய்.

## பளிங்கு நிறம் மாறுவது எப்படி

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு பொறிமுறை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் ஒழுங்கு செய்துவைத்த தத்துவம் அது. பெரிய கடல். நமக்குத் தேவை அதில் ஒரு சொற்றொடர்: சார்ந்ததன் வண்ணமாதல். உயிர் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் நிறமாகவே ஆகிவிடும் என்பது பொருள்.

பளிங்கு ஒன்றைச் சிவப்புச் செம்பருத்திக்குப் பக்கத்தில் வையுங்கள். பளிங்கு சிவப்பாகத் தெரியும். நீலத் துணியில் வைத்தால் நீலம். பளிங்குக்குள் ஒரு துளி சாயம்கூட ஏறவில்லை, ஆனால் பார்க்கிற கண்ணுக்கு அது சிவப்புக் கல், நீலக் கல். பளிங்குக்கு வாய் இருந்தால் "நான் சிவப்பு" என்றே சொல்லும். இப்படி ஒட்டி நிற்பதற்குத்தான் பற்று என்று பெயர். அந்த நிறத்தையே "நான்" என்று எடுத்துக்கொள்ள வைக்கும் உள்மறைப்பு ஆணவம். சித்தாந்தத்தில் ஆணவம் என்றால் திமிர் மட்டும் இல்லை. கண்ணை மறைக்கும் இருட்டு என்பதே அங்கே முதல் பொருள்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு ஓ.எல் ரிசல்ட்ஸ் வந்தது. எட்டு ஏ, ஒரு பி. அன்று இரவு அவன் கொத்து ரொட்டி வாங்கித் தரச் சொல்லி நிம்மதியாகச் சாப்பிட்டான். அக்கா மூன்று நாள் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், அந்த வெள்ளி போகவில்லை. வாசலில் யாராவது கேட்டுவிடுவார்களாம். ஹோல் ஷோகேஸில் நடுத்தட்டை மாதக்கணக்கில் காலியாக வைத்திருந்தார், ஒன்பது ஏ எடுத்தால் கிடைக்கப்போகும் கேடயத்துக்காக. சுவாமித் தட்டில்கூட அவ்வளவு துடைத்துவைத்த இடம் இருந்ததில்லை. பரீட்சை எழுதியது பிள்ளை, பி வாங்கியது அக்கா. பளிங்கு சிவந்துவிட்டது.

அக்காவைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என்னுடைய செம்பருத்தி எது என்று அவருக்கு நன்றாகவே தெரியும், கேட்டால் சொல்லியும் விடுவார்.

மூளையில் இதற்கு ஒத்த ஒன்று நடக்கிறது என்பதையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். டோபமைன் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று. 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பழச்சாறு கிடைக்கும்போது எழுந்த டோபமைன் துடிப்பு, பழகப் பழக, சாறு வரப்போகிறது என்று காட்டும் அறிகுறிக்கு இடம் மாறியது. எதிர்பார்த்த சாறு வராதபோது துடிப்பு வழமையை விடக் கீழே விழுந்தது. சித்தப்பாவின் கை பைக்குப் போவதற்கு டொலர் ஏற வேண்டும் என்றில்லை. ஏறியிருக்கலாம் என்ற எண்ணமே போதும். மூளை விளக்கம் சமய விளக்கத்தை நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை. ஆனால் கை தானாகப் போகிறது என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

## ரயில் சத்தம்

இப்போது உள் விழிப்பு. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கண்ணை மூடி, நெற்றியில் வெளிச்சம் தெரிய வேண்டும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ரயில் பாதை வீட்டின் தலைமாட்டில். புதிதாக வந்த விருந்தாளி முதல் ரயிலுக்கே துள்ளி எழுந்து, "என்ன சத்தம்?" என்பார். "எந்தச் சத்தம்?" என்று நாங்கள் கேட்போம். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்பதில்லை. அவர் கேட்ட பிறகு அடுத்த ரயில் நமக்கும் கேட்கும். ரயில் புதிது இல்லை, பாதை மாறவில்லை, ஜன்னலைக் கூடத் திறக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்த ஒன்று காதுக்கு வந்தது, அவ்வளவுதான்.

உள் விழிப்பு என்பது அந்த விருந்தாளியை உள்ளேயே வைத்திருப்பது. பழைய நூல்கள் இதைச் சாட்சி என்கின்றன. நடப்பதில் கலந்துகொள்ளாமல் நடப்பதை அறிந்துகொண்டிருக்கும் நிலை. (ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்வது வேறு, மச்சான் குழம்ப வேண்டாம்.) கை பைக்குப் போகிறது. "போகிறது" என்று தெரிகிறது. தடுப்பதும் திட்டுவதும் இதில் சேராது. தெரிவது மட்டும்தான்.

இது எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். பளிங்குக்குத் திரும்புங்கள். "நான் சிவப்பு" என்பதில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். "சிவப்பாகத் தெரிகிறேன்" என்பதில் செம்பருத்தி தனியே, பளிங்கு தனியே. பூவை இன்னும் யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் ஒரு விரற்கடை இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளி இல்லாமல் எதையும் விட முடியாது. கையோடு ஒட்டியிருப்பது கை என்றே நினைத்திருப்பவனிடம் கீழே வை என்று சொல்லிப் பயனில்லை.

ஆக, இங்கே வரை வந்த வழி: அச்சத்தில் ஒரு பிடிமானம் செய்கிறோம். சாய்ந்து சாய்ந்து அதன் நிறம் ஏறுகிறது. நிறத்தையே நான் என்கிறோம். விழிப்பு வந்து, நிறம் வேறு நான் வேறு என்று காட்டுகிறது.

## விழுவது வேறு, விடுவது வேறு

பொய்த் தெய்வம் ஒருநாள் தானாகவே விழும், அப்போது மனிதன் திருந்துவான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கொழும்புக்காரருக்கு இதைப் பரிசோதித்துப் பார்க்க 2022 வாய்த்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டிருந்தவர்கள், தொகை குறையாமலே ஏழையானார்கள். பாஸ்போர்ட் வரிசை விடிய முன்பே நீண்டது.

வைப்புப் புத்தகம் என்ற விக்கிரகம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தோம். விட்டோமா? சித்தப்பா ரூபாயில் இருந்து டொலருக்கு மாறினார். வேறு சிலர் செட்டியார் தெருவுக்குப் போய்ப் பவுணுக்கு மாறினார்கள். இன்னும் சிலருக்குக் கனடா. மாறியதில் தப்பில்லை, குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஆசனம் காலியாகவே இருக்கவில்லை. ஆள் மட்டும் மாறினார்.

உடைத்தாலும் இதே கதைதான். போனைக் கடலில் எறிந்தவன், நான் போனை எறிந்தவன் என்பதைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்பான்.

சித்தாந்தம் இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்கிறது. உயிருக்குத் தனியே நிற்க வராது, எதையாவது சார்ந்துதான் நிற்கும். அதனால் பற்றை அறுத்துவிட்டு வெறுமையில் நில் என்று அது சொல்வதில்லை, சார்பை மாற்று என்கிறது. "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று குறள் 350இல் வள்ளுவர் சொல்வதும் அதே திசைதான். பற்று விட வேண்டும் என்றால் பற்றில்லாதவனைப் பற்று. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கம்பஸ் தம்பி கேட்டான். உண்மை எதுவோ அதன் மேல் சாய், அது உன் விருப்பத்துக்கு வளையாது என்றேன். அரை மனதோடு தலையாட்டினான்.

## விட்டவன் என்ற கடைசி விக்கிரகம்

ஆன்மீகத்துக்கு வந்தவர்களுக்கென்றே காத்திருக்கும் பள்ளம் ஒன்று உண்டு. தியானம், குரு, விரதம், எல்லாம் அந்த ஆசனத்தில் ஏறி உட்காரும். புத்தர் சொன்ன தெப்ப உவமை இதற்குத்தான். ஆற்றைக் கடக்க உதவியது என்பதற்காகக் கரையேறிய பிறகும் தெப்பத்தைத் தலையில் சுமந்துகொண்டு நடப்பாயா?

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) கொழும்புத்துறைக் குடிலில் இருந்தார். பெயரில் கொழும்பு இருந்தாலும் இடம் யாழ்ப்பாணம். தேடி வருகிறவர்களை ஏசி விரட்டிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். எங்கள் அம்மம்மா தலைமுறையில் அந்த ஏச்சு வாங்கிய கதை இல்லாத வீடு குறைவு. தன்னைப் பிடிமானமாக்க வந்தவர்களை அவர் அப்படிக் கழற்றிவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நல்லூர்த் தேரடியில் தன் குரு செல்லப்பா சுவாமிகளிடம் அவர் பெற்ற வாசகங்களில் ஒன்று, நாமறியோம். இதையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம் என்பது வேறு விஷயம்.

## அப்போ பிள்ளைப் பாசமும் பொய்த் தெய்வமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பாசம் வேறு, பாரம் சாய்ப்பது வேறு. அன்பு பிள்ளையைப் பார்க்கும். பற்று பிள்ளையில் தெரிகிற தன்னைப் பார்க்கும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பால் தேநீர் ஊற்றிக் கொடுக்கும், இரவு விழித்திருக்கும். அக்காவுக்கே அன்று இரவு இரண்டும் கலந்துதான் இருந்தன. பிரித்துப் பார்க்க எளிய வழி: பிள்ளை கொத்து ரொட்டி கேட்டபோது அவன் முகம் உங்களுக்குத் தெரிந்ததா, அல்லது அந்த ஒரு பி மட்டும் தெரிந்ததா?

தொடங்க விரும்புகிறவருக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு நாளைக்குக் கை எங்கே தானாகப் போகிறது என்று பாருங்கள். எது வராவிட்டால் முகம் கறுக்கிறது, எதைக் கேட்டுவிடுவார்கள் என்று யாரைத் தவிர்க்கிறீர்கள். மாற்ற வேண்டாம், பார்ப்பது போதும். இரண்டாம் நாளே சலிக்கும். மூன்றாம் நாள் மறந்துபோகும். மறந்தது நினைவுக்கு வருகிறதே, அதுவும் அந்த விருந்தாளிதான்.

அதே வீட்டில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் சித்தப்பாவை மறுபடி பார்த்தேன். இதைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, எட்டுத் தடவை எண்ணியதை மட்டும் சிரிப்பாகச் சொன்னேன். முறைத்தார். ஐயர் மஞ்சள் பிள்ளையாரை அனுப்பிவைத்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்தில் அவர் கை சட்டைப் பையை நோக்கி எழும்பியது. பாதி வழியில் நின்றது. தன் கையையே யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இஞ்ச பார் தம்பி, தானாப் போகுது" என்றார்.

இருவரும் சத்தம் வராமல் சிரித்தோம். அப்புறம் போனை எடுத்து, பார்த்து, "303" என்று சொல்லிவிட்டு வைத்தார்.